இல்லாத அறைக்கு எதற்குச் சாவி?

என் உத்தியோகம் ரொம்பச் சின்னது. ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் நான். உள்ளே வருகிறவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விதான். எங்கே? எப்போது? “கருத்தரங்கக் கூடம் எங்கேம்மா?” “மாடி ஏறி வலது பக்கம் சார்.” “இயக்குநர் எப்ப வருவார்?” “பதினோரு மணிக்கு மேல ஆகும்.” இந்த இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன், வாடகை கொடுக்கிறேன், ஒரு பிள்ளையும் பெற்றேன். அப்படிப்பட்டவள் உட்கார்ந்திருக்கிற கட்டடத்தில், ஒரு திங்கட்கிழமை காலையில், இனிமேல் ‘எங்கே’யும் கிடையாது ‘எப்போது’ம் கிடையாது என்று அறிவித்தார்கள்.

அறிவித்தவர் எங்கள் இயக்குநர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முடிவிலி. பேச ஆரம்பித்தால் முடிவு என்பது அவர் அகராதியில் இல்லை. ஏதோ ஒரு பெரிய மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். அங்கே பேசிக்கொண்டார்களாம்: வெளியும் காலமும் இந்த உலகத்தின் அடிமட்டம் இல்லாமல் இருக்கலாம், அதற்கும் கீழே வேறு ஏதோ இருக்கிறது, அதிலிருந்துதான் இந்த இரண்டும் பிறக்கின்றன என்று. பெரிய கேள்விதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கெட்டிக்காரர்கள் பலர் அதற்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே கேள்வியாக இருந்தது எங்கள் கட்டடத்துக்குள் நுழையும்போது சுற்றறிக்கையாகிவிட்டது.

முதலில் என் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைக் கழற்றினார்கள். சுவரில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம் விழுந்தது. பழக்கதோஷம், எல்லோரும் அந்தத் தடத்தைப் பார்த்து “ஐயோ, நேரமாச்சு” என்று ஓடினார்கள். பிறகு அறைகளின் பெயர்ப் பலகைகள் போயின. வெளியூரிலிருந்து பேச வந்த ஒரு பேராசிரியர் கருத்தரங்கக் கூடத்தைத் தேடிப் போய், சமையலறையில் நின்று, எதிரே இருந்த இரண்டு பேரிடம் தன் உரையைத் தொடங்கிவிட்டார். அவர்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்கள். இதுவரை கிடைத்ததிலேயே நல்ல சபை இதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார் மனிதர்.

கைக்கடிகாரம் கட்டக்கூடாது என்றும் உத்தரவு. என்னுடையதை மேசை இழுப்பறைக்குள் போட்டேன். வருகைப் பதிவுக்குக் கட்டைவிரல் வைக்கிற இயந்திரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நாள் பஸ் தாமதம், வந்து விரல் வைத்தேன், அரை நாள் சம்பளம் போச்சு. நிர்வாக அதிகாரியிடம் போய் நின்றேன்.

நிர்வாக அதிகாரியையும் சொல்லிவிடுகிறேன். எதைக் கேட்டாலும் “அப்புறம் பாக்கலாம்” என்பார். ஆகவே அவர் பெயர் அப்புறம் சார்.

“சார், காலமே இல்லைன்னுட்டீங்க. நான் எப்படி சார் தாமதமா வர முடியும்?”

“அந்த மெஷின் காலத்தை அளக்கலைம்மா. ஊழியர்களை அளக்குது.”

“அப்ப இயக்குநர் பதினோரு மணிக்கு வர்றாரே?”

“அது ஆராய்ச்சி.”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். கார் நிறுத்துமிடத்தில் ‘இயக்குநருக்கு மட்டும்’ என்று மஞ்சள் வண்ணத்தில் எழுதியிருந்ததும் அழியவில்லை. அதையும் கேட்டேன். “அது இடம் இல்லைம்மா, அது மரியாதை” என்றார்.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு என் அடிமடியிலேயே கை வைத்தார்கள்.

என் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். பகலில் அவளைப் பார்த்துக்கொண்டது என் நாத்தனார். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது, மாதக் கடைசியில் கிளம்புகிறாள். நல்லது, அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா? என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார்.

“இந்தா பாரு, பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு ஸ்டியரிங் பிடிக்க முடியாது. நீ வேலையை விட்டுடறியா?” என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, வேறு வழி தெரியாமல் கேட்டார்.

“விடமாட்டேன்” என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், விடாமல் என்ன செய்யப்போகிறேன் என்று.

சட்டம் ஒன்று இருக்கிறது. இத்தனை பெண்கள் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகத்துக்கு ஓர் அறை ஒதுக்கவேண்டும் என்று. எங்கள் நிலையத்தில் அந்தச் சட்டம் இருப்பது எல்லோருக்கும் தெரியும், அறைதான் இல்லை. ஆனால் என் மேசைக்குப் பின்னாலேயே ஒரு அறை பூட்டிக் கிடந்தது. முன்னாள் இயக்குநர்களின் படங்களை, சுவரில் மாட்டப் பட்ஜெட் வரும் வரைக்கும், அதன் தரையில் சாத்தி வைத்திருந்தார்கள். ஜன்னல் உண்டு, மின்விசிறி உண்டு. படத்திலிருந்த பெரியவர்கள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அப்புறம் சாரிடம் போனேன்.

“அந்த அறையைக் காப்பகத்துக்குக் குடுங்க சார். பெரியவங்களை நானே ஓரமா அடுக்கி வெச்சுடறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எந்த அறைம்மா?”

“என் மேசைக்குப் பின்னாடி இருக்கே.”

“இருக்குன்னு நாம நினைக்கிறோம். ஆழமான மட்டத்துல பார்த்தா அறைன்னே ஒண்ணு கிடையாது.”

“சரி சார். அப்ப சாவியைக் குடுங்க. இல்லாத அறைக்கு எதுக்குச் சாவி?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இதைக் குழுதான் முடிவு பண்ணணும்” என்றார்.

குழுவுக்கு அடிப்படைக் குழு என்று பெயர். எது அடிப்படை, எது அடிப்படை இல்லை என்று தீர்மானிக்க அமைத்தது. நீள மேசை, சுற்றிலும் அறிஞர்கள், நடுவில் முடிவிலி. ஒவ்வொரு கூட்டத்தையும் காலம் இல்லை என்பதை நினைத்து மௌனமாக இருந்துதான் தொடங்குவார்கள். எவ்வளவு நேரம் என்று அளக்கக்கூடாது என்பதால் அந்த மௌனத்தை யார் முடிப்பது என்பது யாருக்கும் தெரியாது. டீ வரும்வரைக்கும் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். நானும் நின்றேன். ஒருவர் தூங்கியே போய்விட்டார். டீ வந்தது, உலகம் மறுபடி பிறந்தது.

முடிவிலி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். கருணையான புன்னகை. அந்தப் புன்னகையைப் பார்த்தாலே எனக்குக் காரியம் கெட்டது என்று தெரிந்துவிடும்.

“நீங்க அறை கேக்கறீங்க. சந்தோஷம். ஆனா எதுக்காகக் கேக்கறீங்க?”

“பிள்ளை என் பக்கத்துல இருக்கணும் சார்.”

“பக்கம்!” என்றார், மேசையில் தட்டி. “பாருங்க, நம்ம கையில இருக்கிற மிகப் பெரிய சிந்தனை என்ன சொல்லுது? தூரம்னு தனியா எதுவும் இல்லை. அடிமட்டத்துல இருக்கிறது பின்னல். இதுக்கும் அதுக்கும் நடுவுல பின்னல் கூடக்கூட, தூரம் குறையுது. உங்களுக்கும் உங்க குழந்தைக்கும் இருக்கிற பின்னலை விடப் பெரிய பின்னல் உண்டா? ஒரு தாயைப் பார்த்து நான் சொல்றேன், உங்க குழந்தை எங்க இருந்தாலும் உங்க பக்கத்துலதான் இருக்கு! நீங்க ஏன் ஒரு சாதாரண அறையைக் கேட்டு அந்த உறவைக் கொச்சைப்படுத்தறீங்க?”

சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கும் ஒரு கணம் கை தட்டத் தோன்றியது, ஒத்துக்கொள்கிறேன். அவ்வளவு அழகாகப் பேசினார். அப்புறம் மார்பு கனத்தது. காலையில் கொடுத்தது, பால் கட்டியிருந்தது.

“பாசம் அங்க போய்ச் சேர்ந்துடும் சார். பால் எப்படிப் போகும்?”

முடிவிலி நெற்றியைத் தடவினார். “ஆழமான கேள்வி” என்றார். உடனே ‘பால் பரிமாற்றத் துணைக்குழு’ ஒன்று அமைத்தார்கள். தலைவராகப் போட்டது அந்தத் தூங்கிய மனிதரை.

வெளியே வந்து சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் எங்கள் நிலையத்து ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். இளம் வயது, கைப்பிள்ளைக்காரி. அவள் மகனை ஒரு பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள். மதியம் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பாலைப் புட்டியில் எடுத்துவைப்பாள். தாழ்ப்பாள் சரியில்லை.

“ஏம்மா, நீயாவது சொல்லேன்” என்றேன். “காலமும் வெளியும் நிஜமாவே கிடையாதா?”

“யாரு சொன்னாங்கக்கா?” என்று சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். “அடிப்படை இல்லாம இருக்கலாம்னுதான் கேக்கறோம். அதுக்குள்ள இவங்க கிடையாதுன்னுட்டாங்க. தண்ணி ஈரமா இருக்கு. அதுல ஒரே ஒரு மூலக்கூறை எடுத்துப் பார்த்தா அது ஈரமா இருக்காது. அதுக்காக மழையில நனையாம இருந்துடுவோமா? ஈரம் எங்கேர்ந்து பிறக்குதுங்கிறதுதான் கேள்வி. அதுக்கே இன்னும் யாருக்கும் பதில் தெரியாது.”

“இவ்வளவு தெளிவாச் சொல்றியே, நீ ஏன் அந்தக் குழுவுல இல்லை?”

“அந்தக் கேள்வியில வேலை செய்யற ஒரே ஆள் இந்தக் கட்டடத்துல நான்தான்க்கா. வேலை செய்யறவங்களுக்குக் குழுவுல இடம் கிடையாது” என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. “மாசக் கடைசிக்கு மேல பக்கத்து வீட்டுக்காரங்களும் முடியாதுன்னுட்டாங்க. நானும் விட்டுடப் போறேன்னு நினைக்கறேன்.”

எனக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. ஒரு கட்டடம் முழுக்க அந்தக் கேள்வியை வைத்துப் பிழைக்கிறது. அதைக் கேட்கத் தெரிந்த ஒருத்தி மட்டும் தாழ்ப்பாள் விழாத கதவைக் காலால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மறுபடி அப்புறம் சாரிடம் போனேன். இந்த முறை கத்தினேன்.

“எங்களுக்கு எப்ப சார் அறை கிடைக்கும்?”

“எப்பன்னு கேக்கறதே பிழையான கேள்விம்மா” என்றார், கொஞ்சமும் அசையாமல். “முன்னாடி, பின்னாடிங்கிறதெல்லாம் நம்ம மனசோட பழக்கம். பிற்காலத்துல கிடைக்கப்போறதும் ஏற்கனவே கிடைச்சதும் சமம்தான். உங்களுக்கு அறை கிடைச்சாச்சுன்னே வெச்சுக்குங்க.”

வெச்சுக்குங்க என்று சொன்னதோடு விடவில்லை. ஆண்டறிக்கையில் அச்சடித்தும் விட்டார். ‘குழந்தைகள் காப்பகம்: சென்ற ஆண்டு முதல் சிறப்பாக இயங்கி வருகிறது.’ பக்கத்தில் ஒரு குழந்தையின் படம் வேறு. யார் வீட்டுப் பிள்ளையோ, கொழுகொழுவென்று சிரித்தது.

அந்த மாதக் கடைசியில்தான் ‘காலமும் வெளியும் அடிப்படை அல்ல’ மாநாடு. நிலையத்துக்குப் பணம் ஒதுக்குகிற துறையின் செயலாளர் அம்மா தொடங்கிவைக்க வருகிறார். யாருக்கும் விடுப்பு கிடையாது என்று உத்தரவு. நாத்தனார் முந்தின நாள் மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். காலையில் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.

“எங்க கூட்டிட்டுப் போறே?” என்றார் வீட்டுக்காரர்.

“காப்பகத்துக்கு.”

“அது இல்லைன்னியே?”

“இருக்குன்னு அச்சடிச்சிருக்காங்க.”

வாசலில் ஆராய்ச்சிக்காரப் பெண் நின்றாள். அவள் இடுப்பிலும் ஒன்று. ராஜினாமாக் கடிதம் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள், முகத்திலேயே எழுதியிருந்தது.

“வா என் கூட” என்றேன்.

மாடியில் எல்லாப் பலகையும் கழற்றியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. முடிவிலியின் அலுவலகத்தை ஒட்டி அவருக்கு இன்னொரு அறை உண்டு. கதவில் பித்தளைப் பலகை: ‘சிந்தனை அறை’. உள்ளே குளிர்சாதனம், நீளமான சோபா, தலையணை, ஓரத்தில் கை கழுவத் தொட்டி. மதியத்தில் அங்கே அவர் சிந்திப்பது குறட்டைச் சத்தமாக நடைவழி வரைக்கும் கேட்கும். துடைப்பதற்காகக் காலையில் திறந்து வைத்திருந்தார்கள். சாவி கதவிலேயே தொங்கியது.

உள்ளே போனோம். தரையில் போர்வையை விரித்து இரண்டு பிள்ளைகளையும் விட்டோம். பால் புட்டிகளைத் தொட்டி ஓரம் அடுக்கினோம். ஈரத்துணியைச் சோபாவின் முதுகில் காயப்போட்டேன். பயம் இல்லாமல் செய்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். இந்த வேலை போனால் எங்கள் வீடு ஒரு சம்பளத்தில் தாங்காது. ஆனாலும் சாவியைக் கதவிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

முடிவிலி தொடக்க உரையை ஒத்திகை பார்க்க வந்தார். “அன்பர்களே, காலம் என்பது ஒரு மாயத்...” என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளியவர் அப்படியே நின்றார்.

“என்ன இது? என் அறையில என்ன நடக்குது?”

“அறைன்னா என்ன சார்?” என்றேன்.

“விளையாடறீங்களா? இது என்னோட இடம்! நான் பதவிக்கு வந்த நாள்லேர்ந்து என் இடம்! பிள்ளைங்களை வேற எங்கயாவது எடுத்துட்டுப் போங்க!”

“எங்க இருந்தாலும் பக்கத்துலதான் சார். நீங்க சோபாவை அன்பா நினைச்சுக்கிட்டு வராந்தாவுல உட்காருங்க. பின்னல் இருக்கு இல்ல?”

பின்னாலேயே அப்புறம் சார் ஓடி வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து “இப்பவே!” என்ற சொல் வந்தது. “இப்பவே காலி பண்ணுங்க! இப்பவே!”

“இன்னும் பத்து நிமிஷத்துல அந்தம்மா வந்துடுவாங்க!” என்று முடிவிலி சட்டைக் கையை விலக்கி மணிக்கட்டைப் பார்த்தார். தங்கப் பட்டை போட்ட கடிகாரம். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு கையை வெடுக்கென்று மூடினார்.

அந்தக் கூச்சலில் என் மகள் வீரிட்டாள். அவள் அழுதால் சும்மா அழமாட்டாள், கட்டடம் அதிரும். ஆராய்ச்சிக்காரப் பெண்ணின் மகன் கூடச் சேர்ந்துகொண்டான்.

செயலாளர் அம்மா அதற்குள் வந்து இறங்கியிருக்கிறார். வாசலில் நான் இல்லை. பலகை ஒன்றும் இல்லை. அவருடைய உதவியாளர் வழி பார்க்கப் போய், துடைப்பங்கள் வைக்கிற அலமாரிக்குள் நுழைந்துவிட்டார். அந்தம்மா அழுகைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே மாடி ஏறி வந்துவிட்டார். கையில் ஆண்டறிக்கை.

“ஓ, இதுதான் காப்பகமா? அறிக்கையில படிச்சேன். இதை முதல்ல பாக்கணும்னுதான் சீக்கிரம் வந்தேன்.”

முடிவிலியை அறிந்த நாளிலிருந்து அப்படி ஒரு சுருக்கமான உரையை நான் கேட்டதில்லை. “ஆமாம்” என்றார்.

அவ்வளவுதான், பிறகு மடை திறந்தது. “என் சொந்த அறையையே இந்தப் பிஞ்சுகளுக்காகத் துறந்தேன் மேடம். ஒரு விஞ்ஞானிக்கு எதுக்கு அறை? அவன் தேடற உண்மைக்குச் சுவர் உண்டா?”

அந்தம்மா குனிந்து என் மகளைத் தூக்கினார். அழுகை நின்றது. “எப்பலேர்ந்து நடக்குது இது?” என்று என்னிடம் கேட்டார்.

அப்புறம் சார் என்னைப் பார்த்தார். முடிவிலி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்து ‘எப்போது’ என்ற கேள்விக்கு நான் ஒரு நாளும் தப்பான பதில் சொன்னது கிடையாது.

“இன்னிக்குக் காலையிலேர்ந்து மேடம்.”

“அறிக்கையில போன வருஷம்னு இருக்கே?”

“காலம் அடிப்படை இல்லாததால வந்த வித்தியாசம் மேடம். சார் மேடையில விளக்குவார்.”

ஆராய்ச்சிக்காரப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. செயலாளர் அம்மா சிரிக்கவில்லை. காயப்போட்ட துணியைப் பார்த்தார், பித்தளைப் பலகையைப் பார்த்தார், முடிவிலியின் சட்டைக் கையைக்கூடப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“நான் மறுபடி வருவேன்” என்றார் நிதானமாக. “முன்கூட்டிச் சொல்லாம வருவேன். அப்பவும் இது இங்கேயே, இதே அறையில இருக்கணும். அதைப் பார்த்த பிறகுதான் உங்க பணத்துக்குக் கையெழுத்து.”

அன்றைக்கு மேடையில் முடிவிலி காலம் கிடையாது என்று மூச்சு விடாமல் பேசினார். கடைசியில், தன் உரைக்கு ஒதுக்கிய நேரம் போதவே போதாது என்று அமைப்பாளர்களிடம் கோபித்துக்கொண்டார்.

மறுநாள் என் தலைக்கு மேலே கடிகாரம் திரும்பி வந்தது. பலகைகளும் வந்தன. உதவியாளரை அலமாரியிலிருந்து மீட்ட சேதி மேலிடம் வரைக்கும் போய்விட்டதாம். சிந்தனை அறைப் பலகையை மட்டும் நாங்கள் மாற்றவில்லை. பிள்ளைகளும் ஏதோ சிந்திக்கத்தான் செய்கிறார்கள். ஆராய்ச்சிக்காரப் பெண் கடிதத்தைக் கிழித்துவிட்டாள். மதியத்தில் மகனை மடியில் போட்டுக்கொண்டு கணக்குப் போடுகிறாள். “எங்கேர்ந்து பிறக்குது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறாள். நான் நடுவில் பேசுவதில்லை, அது நிஜமான கேள்வி.

சில வாரம் கழித்து, சாப்பாட்டுக்குப் பிறகு, கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். முடிவிலி. சோபா இல்லாமல் தூங்கி, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். என் மகள் அவர் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

“ஏம்மா” என்றார், குரலைத் தாழ்த்தி. “என் அறை எனக்கு எப்பம்மா திரும்பக் கிடைக்கும்?”

“எப்பன்னு கேக்கறதே பிழையான கேள்வி சார்” என்றேன். “கிடைச்சாச்சுன்னே வெச்சுக்குங்க.”

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பிள்ளைகள் தூங்குகிற நேரம் அது.